போன் தொலைந்தால் எல்லாமே தொலைந்துவிடாமல் இருக்க: பயணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு பயணத்தில் வாடகைக் காரின் பின் இருக்கையில் போனை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அது தெரிந்தபோது இரவு பதினோரு மணி. கார் எப்போதோ போய்விட்டது. தங்கியிருந்த விடுதியின் வரவேற்பறைக் கணினியில் மின்னஞ்சலைத் திறக்க உட்கார்ந்தேன். பாஸ்வேர்ட் சரியாகத்தான் போட்டேன். 'உங்கள் போனில் ஒரு செய்தி வந்திருக்கும், அதில் சரி என்று அழுத்துங்கள்' என்றது திரை. வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தால், குறுஞ்செய்தியில் எண் அனுப்புகிறோம் என்றது. அந்த சிம்மும் அதே போனுக்குள். விமான டிக்கெட் மின்னஞ்சலில். பாஸ்போர்ட்டின் படம் போன் கேலரியில். வங்கிச் செயலி போனில். வீட்டில் உள்ளவர்களின் எண்களும் போனில். எனக்கு மனப்பாடமாக இருந்தது அக்காவின் எண் மட்டும்தான், அவர் வருடக்கணக்காக எண்ணை மாற்றாததால்.

போன் போனதைத் தாங்கிக்கொள்ளலாம். ஒரே ஆணியில் எல்லாவற்றையும் மாட்டி வைத்திருந்தேன், ஆணி பிடுங்கியதும் அத்தனையும் கீழே விழுந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்த ஒன்று போனால், இதோடு சேர்ந்து எதெது போகும்? கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

படி 1: போனை அலமாரியில் பூட்டி ஓர் ஒத்திகை

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே இதைச் செய்யுங்கள். முந்தின நாள் செய்தால் பிரயோஜனம் இல்லை, தெரியவரும் ஓட்டைகளை அடைக்க நாள் வேண்டும்.

போனை அணைத்து அலமாரிக்குள் வையுங்கள். நீங்கள் இதுவரை லாகின் செய்திராத ஒரு கணினியில் மூன்று வேலைகளைச் செய்து பாருங்கள். மின்னஞ்சலைத் திறப்பது. போன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தூரத்திலிருந்தே பூட்டுவது. கார்டை முடக்க வங்கியின் எண்ணை எடுப்பது. எங்கே தடுக்கி நிற்கிறீர்களோ, அதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பலரும் முதல் வேலையிலேயே நின்றுவிடுவார்கள், நான் நின்றதைப் போலவே.

மின்னஞ்சலுக்கு மருந்து, பேக்கப் கோடுகள், அதாவது போனுக்கு வரும் எண்ணுக்குப் பதிலாகப் போடும் எண்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இவற்றை எடுக்கலாம். பத்து எண்கள் தரும், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனிலேயே வைப்பது, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது போல. காகிதத்தில் எழுதுங்கள். எந்தக் கணக்குக்கு உரியது என்று அதில் எழுத வேண்டாம். ஒரு தாள் பையின் உள்பாக்கெட்டில் இருக்கட்டும், அதன் நகல் வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.

ஆப்பிள் கணக்கில் உங்கள் எண்ணைத் தவிர இன்னொரு நம்பகமான எண்ணையும் சேர்க்கலாம். வீட்டில் ஒருவருடைய எண்ணைச் சேருங்கள். நீங்கள் வேறொரு போனிலிருந்து கூப்பிட்டால் அவர் தனக்கு வந்த எண்ணைப் படித்துச் சொல்லிவிடுவார். இதைச் செய்யும்போது அவரோடு ஒரு அடையாளச் சொல்லையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'போன் தொலைந்துவிட்டது, வேறு எண்ணிலிருந்து பேசுகிறேன், பணம் அனுப்பு' என்று உறவினர் பெயரில் வரும் மோசடி அழைப்புகள் நிறைய. அந்தச் சொல்லைச் சொல்லாதவரிடம் எதையும் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

30 வினாடிக்கு ஒரு முறை மாறும் எண்ணைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலிகளுக்கு சிக்னலும் வேண்டாம், இணையமும் வேண்டாம். போனின் கடிகாரத்தை வைத்தே கணக்குப் போடுகின்றன. அதனால் வெளிநாட்டில் குறுஞ்செய்தி ஓடிபியைவிட நம்பகமானவை. ஆனால் அந்தச் செயலியும் தொலையும் போனில்தான் இருக்கிறது. டேப்லெட்டிலோ லேப்டாப்பிலோ இன்னொரு பிரதி இருக்கும்படி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனி இரண்டாவது வேலை. ஐபோன் தொலைந்தால் ஐகிளவுட் டாட் காம் ஸ்லாஷ் ஃபைண்ட் என்ற பக்கத்துக்குப் போகலாம். அங்கே சரிபார்ப்பு எண் கேட்க மாட்டார்கள், பாஸ்வேர்ட் போதும். போனையே தொலைத்தவரிடம் போனுக்கு வந்த எண்ணைக் கேட்க முடியாதே! ஆண்ட்ராய்டில் 'ரிமோட் லாக்' என்ற வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக் பக்கத்தில் உங்கள் போன் எண்ணைக் கொடுத்தால் திரை பூட்டிக்கொள்ளும். இது வேலை செய்ய, கையில் போன் இருக்கும்போதே செட்டிங்ஸில் போட்டு வைத்திருக்க வேண்டும்.

படி 2: சிம்மை மறந்துவிடாதீர்கள்

போனுக்குப் பூட்டு போடுகிறோம், சிம்முக்குப் போடுவதில்லை. திருடன் போனைத் திறக்கத் தேவையே இல்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் வங்கி அனுப்பும் ஓடிபி அவனுக்குப் போய்ச் சேரும். சிம்முக்கு 'சிம் பின்' என்ற ரகசிய எண் போட்டிருந்தால் அந்த வேறு போனில் அதைக் கேட்கும். மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்கத் தொலைபேசி நிறுவனம் தரும் 'பக்' (PUK) என்ற திறப்பு எண் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சிம் பின்னை முதல் முறை இயக்கும்போது நிறுவனம் முன்பே வைத்திருக்கும் எண்ணைக் கேட்கும். அது தெரியாமல் குத்துமதிப்பாக எதையும் போடாதீர்கள், மூன்று வாய்ப்பும் போய்விடும். நிறுவனத்திடம் கேட்டு, பக் எண்ணையும் சேர்த்து வாங்கி எழுதிக்கொண்ட பிறகு செய்யுங்கள்.

வெளிநாடு போனால் பலர் ஊர் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட்டுவிட்டு உள்ளூர் சிம்மை மாட்டுகிறார்கள். அப்புறம் வங்கி ஓடிபி வராமல் திண்டாடுகிறார்கள். இ-சிம் (போனுக்குள்ளேயே பதிவாகும், அட்டை இல்லாத சிம்) ஏற்கும் போனாக இருந்தால் டேட்டாவுக்கு இ-சிம் வாங்கிக்கொண்டு, ஊர் சிம்மைக் குறுஞ்செய்திக்காக மட்டும் ரோமிங்கில் வைத்திருங்கள். ஊர் சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். இ-சிம்மைக் கழற்றி வேறு போனில் போட முடியாது என்பதும் ஒரு லாபம்.

வாட்ஸாப்பில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்ற 6 இலக்கப் பின்னைப் போட்டு வையுங்கள். சிம் அடுத்தவன் கையில் போனாலும் உங்கள் பெயரில் வாட்ஸாப்பைத் திறந்து நண்பர்களிடம் பணம் கேட்க முடியாது. *#06# என்று டயல் செய்தால் உங்கள் போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ அடையாள எண் வரும். போலீஸ் புகாரில் அது வேண்டியிருக்கும், காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: போனின் பூட்டு

திருடர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. முதலில் பக்கத்தில் நின்று நீங்கள் பின் போடுவதைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் பறிப்பார்கள். பின் தெரிந்துவிட்டால் அவர்களால் கணக்கின் பாஸ்வேர்டையே மாற்றி உங்களை வெளியே தள்ளிவிட முடியும். இதற்காகவே ஆப்பிள் 2024 ஜனவரியில் 'ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்ஷன்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. வீடு, அலுவலகம் போன்ற பழகிய இடங்களுக்கு வெளியே போன் இருந்தால், முக்கியமான மாற்றங்களுக்கு முகமோ கைரேகையோ காட்டியாக வேண்டும், அதன் பிறகும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பயணத்துக்கென்றே செய்தது போன்ற வசதி இது, இயக்கி வையுங்கள். ஆண்ட்ராய்டில் 'தெஃப்ட் டிடெக்ஷன் லாக்' இருக்கிறது. கையிலிருந்து போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து திரையைப் பூட்ட முயலும்.

4 இலக்கப் பின் வைத்திருந்தால் குறைந்தது 6 ஆக்குங்கள். பொது இடத்தில் கூடுமானவரை கைரேகையாலோ முகத்தாலோ திறங்கள், பின்னைப் பிறர் பார்க்க வாய்ப்பு குறையும். பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மறைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஓடிபி திரையிலேயே பளிச்சென்று தெரியும். கிளம்பும் முன்பு பேக்கப் எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஒரு பழைய படத்தைத் திறந்து பாருங்கள்.

படி 4: பாஸ்போர்ட்டும் நகல்களும்

பாஸ்போர்ட்டில் உங்கள் படம் உள்ள பக்கத்தின் அடியைக் கவனித்திருக்கிறீர்களா? வரிக்கு 44 எழுத்தாக இரண்டு வரிகள் இருக்கும். இடையிடையே அம்புக்குறி போன்ற அடையாளங்கள் நிறைந்திருக்கும். பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. இ-பாஸ்போர்ட்டின் சிப்பைப் படிக்கும் கருவி முதலில் அந்த வரிகளைப் படித்து, எண், பிறந்த தேதி, காலாவதி தேதி மூன்றையும் சாவியாக வைத்துத்தான் வழக்கமாக சிப்பைத் திறக்கிறது. மூடிய பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் நிற்பவர் கருவி வைத்து உறிஞ்சிவிடுவார் என்று பயந்து விசேஷ உறைகள் வாங்குகிறார்கள். அந்தப் பயத்தை விடுங்கள். அந்த இரண்டு வரிகளும் தெளிவாகத் தெரியும் படத்தைக் கண்டவர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்புவதை நிறுத்துங்கள், அதில்தான் உண்மையான ஆபத்து.

விடுதிக்கோ வாடகை வண்டிக்காரருக்கோ நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதன் மேல் குறுக்காக எழுதிக் கொடுங்கள்: 'இந்த விடுதியில் தங்குவதற்காக மட்டும்', பெயர், தேதி. எழுத்து உங்கள் முகத்தின் மேலும் எண்ணின் மேலும் ஓட வேண்டும், ஆனால் படிக்க முடியாமல் மறைக்கக் கூடாது. ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். போனில் இருக்கும் படத்திலும் எடிட் வசதியால் இதையே செய்யலாம். விடுதிகளிடம் கொடுத்தது பத்திரமாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது. மாரியட் விடுதிக் குழுமம் 2018 நவம்பரில் அறிவித்த தகவல் திருட்டில், மறையாக்கம் செய்யப்படாத (சாவி இல்லாமலே படிக்கக்கூடிய) பாஸ்போர்ட் எண்கள் மட்டும் 50 லட்சத்துக்கும் மேல் இருந்தன.

உங்களுக்கான நகல்கள் இரண்டு வகையாக இருக்கட்டும். காகித நகல் ஒன்று, பாஸ்போர்ட் இல்லாத வேறு பையில், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படங்களோடு. பாஸ்போர்ட் தொலைந்து, ஊர் திரும்ப அவசரப் பயணச் சான்றிதழ் கேட்டுத் தூதரகத்துக்குப் போனால் அந்தப் படங்கள் அலைச்சலைக் குறைக்கும். டிஜிட்டல் நகல் ஒன்று, பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் செயலிக்குள்ளோ பூட்டிய கோப்புறையிலோ. கேலரியில் நாய்க்குட்டி படத்துக்கும் சாப்பாட்டுப் படத்துக்கும் நடுவே பாஸ்போர்ட் படம் கிடக்கக் கூடாது. கேலரியைப் பார்க்க அனுமதி வாங்கிய செயலி ஒவ்வொன்றும் அதைப் பார்க்கும்.

போர்டிங் பாஸ் விஷயத்துக்கு வருகிறேன். விமானம் ஏறும் முன் ஜன்னலோரம் அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துப் போடுகிறோம். அதில் பிஎன்ஆர் என்ற 6 எழுத்து முன்பதிவு எண் இருக்கிறது. அதை மறைத்தாலும் பார்கோடுக்குள்ளும் அது இருக்கிறது. பிஎன்ஆரும் குடும்பப் பெயரும் இருந்தால் பல விமான நிறுவனங்களின் தளத்தில் உங்கள் முன்பதிவு திறந்துவிடும். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020-இல் இன்ஸ்டாகிராமில் போர்டிங் பாஸ் படம் ஒன்றைப் போட்டார். அதைப் பார்த்த ஒருவர் விமான நிறுவனத் தளத்தின் வழியாக அவருடைய பாஸ்போர்ட் எண், போன் எண் வரைக்கும் போய்விட்டார். பார்த்தவர் நல்லவர், உரியவர்களிடம் சொல்லி ஓட்டையை அடைக்க வைத்தார். பயணம் முடிந்த போர்டிங் பாஸை இருக்கைப் பையில் செருகிவிட்டு வருவதும் இதே கணக்குதான். வீட்டுக்குக் கொண்டுவந்து கிழித்துப் போடுங்கள்.

படி 5: லேப்டாப்

தேவையில்லை என்றால் கொண்டுபோக வேண்டாம். இல்லாத பொருளை யாரும் திருட முடியாது. கொண்டுபோவதாக இருந்தால் டிஸ்க் மறையாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். மேக்கில் ஃபைல்வால்ட், விண்டோஸில் பிட்லாக்கர். அது இல்லையென்றால் லாகின் பாஸ்வேர்ட் இருந்தும் பிரயோஜனமில்லை, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் படித்துவிடலாம். நகரும்போது லேப்டாப்பை மூடி மட்டும் வைக்காமல் முழுக்க அணைத்துவிடுங்கள். தூக்க நிலையில் இருக்கும் கணினியின் நினைவகத்தில் மறையாக்கத்தைத் திறக்கும் சாவி இன்னும் இருக்கும்.

படி 6: வழியில்

போன், லேப்டாப், பாஸ்போர்ட், மருந்து இவை எப்போதும் கைப்பையில். சரக்காகப் போடும் பெட்டியின் பூட்டை நம்ப வேண்டாம். அதிகாரிகள் திறப்பதற்கென்று பொதுச் சாவி உள்ள பூட்டுகள் இருக்கின்றனவே, அந்தச் சாவிகளின் படம் 2014-இல் ஒரு நாளிதழில் வெளிவந்து, 2015-இல் அதைப் பார்த்தே முப்பரிமாண அச்சில் சாவி செய்யும் கோப்புகள் இணையத்தில் பரவின. பவர் பேங்க்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், அது விமானப் பாதுகாப்பு விதி. பெட்டியின் வெளியே தொங்கும் அட்டையில் வீட்டு முகவரி எழுதாதீர்கள், நீங்கள் வீட்டில் இல்லை என்று ஊருக்கே சொல்வதாகும். பெயரும் ஒரு போன் எண்ணும் போதும், முகவரியைப் பெட்டிக்குள் வையுங்கள்.

பொது யூஎஸ்பி சார்ஜிங் முனைகள் பற்றி நிறையப் பயமுறுத்தல் உண்டு. அதன் வழியாகத் தகவல் திருடலாம் என்று 2011-இல் ஒரு மாநாட்டில் செய்து காட்டினார்கள். அதன் பிறகு போன்கள் 'இந்தக் கருவியை நம்பலாமா' என்று கேட்க ஆரம்பித்துவிட்டன. சொந்த சார்ஜரை மின் பிளக்கில் செருகினால் இந்தக் கவலையே இல்லை. யூஎஸ்பியில்தான் போட வேண்டிய நிலைமை என்றால், அந்தக் கேள்வி வரும்போது 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்.

பொது வைஃபையிலும் நிலைமை மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் பக்கத்து மேசையில் இருப்பவர் உங்கள் கணக்குக்குள் நுழைய முடிந்தது. இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் மறையாக்கத்தில் ஓடுவதால் அது அவ்வளவு எளிதல்ல. இன்று ஆபத்து வேறு இடத்தில்: வைஃபையில் சேர்ந்ததும் வரும் பக்கம் உங்களிடம் என்ன கேட்கிறது? மின்னஞ்சல் பாஸ்வேர்ட் கேட்டால் விலகுங்கள். 'உங்கள் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும்' என்றால் கட்டாயம் விலகுங்கள். டார்க்ஹோட்டல் என்று பெயரிட்டு காஸ்பர்ஸ்கை என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2014-இல் வெளியிட்ட அறிக்கையில் இருந்த தந்திரம் இதுதான். சொகுசு விடுதி வைஃபையில் சேர்ந்த நிறுவன உயரதிகாரிகளுக்குப் போலியான அப்டேட் காட்டி உளவு மென்பொருளை ஏற்றினார்கள். அப்டேட் எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். பணப் பரிமாற்றத்துக்குப் போனின் சொந்த டேட்டாவைப் பயன்படுத்துங்கள். விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை மறையாக்கம் செய்து வேறொரு நிறுவனத்தின் வழியாக அனுப்பும் சேவை) போடுவது நல்லதுதான், ஆனால் வைஃபைக்காரர் மேல் வைத்த நம்பிக்கையை விபிஎன்காரருக்கு மாற்றுகிறீர்கள், அவ்வளவே. இலவச விபிஎன்னுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

படி 7: எல்லைச் சோதனை

வெளிநாட்டு எல்லையில் அதிகாரி போனைக் கேட்கலாம், திறக்கவும் சொல்லலாம். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. நியூசிலாந்தின் 2018 சுங்கச் சட்டப்படி, போனைத் திறந்து கொடுக்க மறுத்தால் 5,000 நியூசிலாந்து டாலர் வரை அபராதம். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 7-ஆவது அட்டவணைப்படி நிறுத்தி விசாரிக்கும்போது பாஸ்வேர்ட் தர மறுத்தால் குற்றம். அமெரிக்க எல்லை அதிகாரிகளுக்கான 2018 விதி, கருவியில் இருப்பதை மட்டும்தான் பார்க்கலாம், இணையத்தில் சேமித்திருப்பதைப் பார்க்கக் கூடாது என்கிறது. வெளிநாட்டவர் மறுத்தால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பவும் வாய்ப்பு உண்டு.

பொய் சொல்லாதீர்கள், மறைத்துவைக்கத் தந்திரம் செய்யாதீர்கள். அந்த இடத்தில் அது உங்களுக்கே திரும்பும். போனில் இருப்பதைக் குறைத்துக்கொண்டு போவதே நேர்மையான வழி. அலுவலக ரகசியம், நோயாளிகளின் விவரம், பிறர் நம்பிச் சொன்ன விஷயங்கள் உங்களிடம் இருந்தால் அவை உங்களுடையவை மட்டும் அல்ல, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வரிசையில் நிற்கும் முன்பு போனை முழுக்க அணைத்துவிடுவது நல்ல பழக்கம். அணைத்து இயக்கிய போன் முதல் முறை பின் போடும் வரை கைரேகைக்கோ முகத்துக்கோ திறக்காது. சோதனை முடிந்து போன் உங்கள் கண்ணில் படாமல் போய் வந்திருந்தால், பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

படி 8: தங்குமிடம்

பாஸ்போர்ட்டைப் பிணையாக வாங்கி வைத்துக்கொள்ளும் விடுதிகளும் வண்டி வாடகைக்காரர்களும் உண்டு. பதிவு செய்யக் காட்டுங்கள், எழுதிக்கொள்ளட்டும், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பிணை வேண்டும் என்றால் பணமாகக் கொடுக்கப் பேசிப் பாருங்கள். அறையில் உள்ள பெட்டகத்தை ஊழியர்கள் மாற்று எண் போட்டுத் திறக்க முடியும், விருந்தினர் எண்ணை மறப்பார்கள் என்பதால். அறைக் கதவு பூட்டிலேயே அடிப்படைக் குறைகள் இருந்தது 2012-இலும் 2024-இலும் ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய விஷயம். அதனால் எல்லாவற்றையும் பெட்டகத்தில் வைக்காமல் பிரித்து வையுங்கள்.

முன்பதிவுக்குப் பிறகு, 'கார்டு விவரம் சரிபார்க்கவில்லை, 12 மணி நேரத்தில் செய்யாவிட்டால் அறை ரத்து' என்று செய்தி வந்தால் நிதானியுங்கள். விடுதியின் கணக்கைக் கைப்பற்றியவர்கள், முன்பதிவுச் செயலியின் உள்ளிருந்தே, உங்கள் பெயர், தேதி எல்லாம் சரியாகப் போட்டு இப்படி அனுப்புகிறார்கள். இணைப்பை அழுத்தாமல், விடுதியின் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கார்டுகள், இரண்டு இடங்களில். போனைத் தட்டிப் பணம் கட்டும் முறையில் கடைக்காரருக்கு உண்மையான கார்டு எண் போகாது, முடிந்த இடத்தில் அதையே பயன்படுத்துங்கள். பயணப் படங்களைச் சமூக ஊடகங்களில் ஊருக்குத் திரும்பிய பிறகு போடுங்கள்.

படி 9: தொலைந்துவிட்டால், இந்த வரிசையில்

போன் போய்விட்டால் முதலில் இன்னொரு கருவியிலிருந்து பூட்டுங்கள். அழிக்க அவசரப்பட வேண்டாம், சோபாவின் இடுக்கில் இருக்கலாம். அடுத்து தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட்டு சிம்மை முடக்குங்கள். அடுத்து வங்கி. அடுத்து மின்னஞ்சல் பாஸ்வேர்ட். அதன் பிறகு போலீஸ் புகார், ஐஎம்இஐ எண்ணோடு. புகாரின் ரசீதை வாங்காமல் வராதீர்கள், காப்பீட்டுக்கும் தூதரகத்துக்கும் அதுதான் ஆதாரம்.

இரண்டு மூன்று நாள் கழித்து, 'உங்கள் போன் கிடைத்திருக்கிறது, இங்கே அழுத்திப் பின் போடுங்கள்' என்று ஒரு செய்தி வரலாம். அனுப்புபவர் பெரும்பாலும் திருடனே. 'கணக்கிலிருந்து போனை நீக்குங்கள்' என்றும் கேட்பான். நீக்கிவிட்டால் பூட்டு விடுபட்டு அவன் போனை விற்றுவிடுவான். நீக்கவே நீக்காதீர்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் ரசீதோடு உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: தொலைந்ததாகப் பதிவானதும் அது ரத்தாகிவிடும், இன்டர்போல் 2002-இல் தொடங்கிய தொலைந்த பயண ஆவணப் பட்டியலுக்கும் அதன் எண் போய்விடும். மறுநாள் பையின் ஓரத்திலேயே கிடைத்தாலும் அதில் பயணம் செய்ய முயலாதீர்கள், எல்லையில் பிடிபடுவீர்கள். அதனால் புகார் கொடுக்கும் முன்பு, எல்லாப் பைகளையும் படுக்கையில் கொட்டி ஒரு முறை தேடிவிடுங்கள்.

படி 10: திரும்பி வந்ததும்

விடுதித் தொலைக்காட்சியிலும் வாடகைக் காரிலும் உங்கள் கணக்கோ போனின் தொடர்புப் பட்டியலோ விட்டுப் போயிருக்கிறதா என்று பாருங்கள். கணக்கின் கருவிப் பட்டியலில் தெரியாதது எதுவாக இருந்தாலும் வெளியேற்றுங்கள். சேமித்த வைஃபை பெயர்களை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதே பெயரில் வேறொருவர் வைக்கும் வைஃபையில் போன் தானாகச் சேரலாம். நகல் கொடுத்த விடுதிக்கு, தேவை முடிந்துவிட்டது, அழித்துவிடுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பேக்கப் கோடில் எதையாவது பயன்படுத்தியிருந்தால் புதிதாகப் பத்து எண்களை எடுத்து எழுதி, பழைய தாளைக் கிழித்துவிட்டு, வீட்டில் வைத்திருப்பவரிடம் இருக்கும் நகலையும் மாற்றிக் கொடுங்கள்.